வடகடல் நாடும் ஈழத்தமிழர் உரிமையும்

(அடி அண்ணாமலையில் தமிழன்பர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



திருவண்ணாமலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர்ப் பாதையில், பெருங்கோயிலுக்கு மறுபுறத்தே, மலையடியில் அமைந்த சிற்றூர் அடி அண்ணாமலை. மணிவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் இதுவே என்பது வழிவழிச் செய்தி. இத்தகைய ஊரில் கூடியிருந்து, ஆறு திங்கள் பனி மூடிக்கிடக்கும் நார்வே நாட்டைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர்க்கு ஐயம் எழலாம். அவ்வையத்திற்குரிய விடை இவ்வூரிலேயே இருக்கின்றது. ஈழத்தினின்று ஏதிலியராய் வந்த தமிழர்தம் குடியிருப்பு ஒன்று இங்கு உண்டன்றோ? அவ்வுறவினர்க்கு 'நோர்வே' என்னும் பெயரைப் பிறர் அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. தமிழகத்தார் 'நார்வே' என்பதை அவர்கள் 'நோர்வே' என்பர், பெயரொலிதான் வேறு. 2002 முதல் 2008 வரை அவர்தம் வாழ்வும் சாவும் அந்நாட்டுத் தூதர்களின் பைக்குள் இருந்த ஒரு தாளோடு பிணைந்து கிடந்தன.

ஆகலின், உலகப்படத்தின் வடமுனையில் ஒரு மூலையிற் கிடக்கும் அந்நாடு எத்தகையது, அது தன் உரிமையையும் தன் மொழியையும் எவ்வாறு மீட்டுக்கொண்டது, அங்ஙனம் மீட்டுக்கொண்ட நாடு தமிழர் சிக்கலில் இடைநின்றபோது என்ன செய்தது, என்ன செய்யத் தவறியது என்பவற்றைத் தமிழர் அறிந்திருத்தல் வேண்டும்.

நார்வே மக்கள்தொகை இன்றும் 55 இலக்கத்தை ஒட்டியதே. சென்னையில் வாழ்வோரினும் குறைந்த தொகையினர் அவர். 1380-ஆம் ஆண்டில் அந்நாடு தென்மார்க்கு நாட்டோடு ஒரே மன்னன்கீழ் இணைக்கப்பெற்றது. அன்று தொடங்கி 1814 வரை 434 ஆண்டுகள் அப்பிணைப்பு நீடித்தது. பெயரளவில் இரண்டு நாடுகளின் கூட்டு. உண்மையிலோ ஒன்று மேல், மற்றொன்று கீழ். மன்னன் இருந்தது தென்மார்க்கில். பல்கலைக்கழகம் இருந்தது தென்மார்க்கில். அலுவலகத்தில் எழுதிய மொழி, திருச்சபையில் ஓதிய மொழி, பள்ளியிற் பயிற்றிய மொழி, எல்லாம் தேனியமே. பழம்பெருங் கதை இலக்கியம் படைத்த நார்வேயரின் எழுத்துமொழி அழிந்துபோயிற்று. எஞ்சியது உழவர் வாயிலும் மீனவர் வாயிலும் வழங்கிய பேச்சு மட்டுமே. அதனையும் 'நாட்டுப்புறத்தான் கொச்சை' என்று நகரத்தார் இகழ்ந்தனர். தமிழர்க்கு இக்கதை எங்கேயோ கேட்டதாய்த் தோன்றுமாயின் அதில் வியப்பில்லை.

1814-இல் நெப்போலியன் போரில் தோற்ற தரப்பில் நின்ற தென்மார்க்கு, கீல் என்னுமிடத்தில் எழுதப்பெற்ற உடன்படிக்கையால் நார்வேயைச் சுவீடன் மன்னனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டது. ஆட்டை விற்பவன் ஆட்டைக் கேட்பதில்லை. நார்வேயரை எவரும் கேட்கவில்லை. ஆயினும், கேளாமல் விற்கப்பட்ட அம்மக்கள் வாளாவிருக்கவில்லை. அவ்வாண்டு ஐட்சுவோல் என்னும் ஊரில் 112 பேர் கூடித் தங்களுக்கென அரசமைப்புச் சட்டம் ஒன்றை எழுதி, மே 17-ஆம் நாள் ஒப்பமிட்டனர். சுவீடன் படையெடுத்தது, சிறு போர் நடந்தது, இறுதியில் நார்வே சுவீடனோடு ஒரே மன்னன்கீழ் இணைய நேர்ந்தது. ஆயினும் தம் அரசமைப்பையும் தம் பேரவையையும் அவர்கள் விடவில்லை. நாட்டை இழந்தபோதும் சட்டத்தை இழவாதிருந்தனர். பின்னர் 91 ஆண்டுகள் கழித்து நாடே திரும்பி வந்ததற்கு அத்தாளே பிடிமானமாயிற்று. இன்றும் அவர்களின் நாட்டுநாள் மே 17-தான். அந்நாளில் அணிவகுத்து வருபவை படைவண்டிகளல்ல, பள்ளிப்பிள்ளைகளே.

அரசியற் செய்தி இவ்வளவாக, மொழிச் செய்திக்கு வருக. தனித்தமிழ் அன்பர்கள் ஊன்றி நோக்கத்தக்க பகுதி இதுவே.

அரசியலில் தென்மார்க்கினின்று பிரிந்தும், எழுதுவது தேனியமாகவே இருந்தது. 'நாடு தனிநாடு, மொழி மட்டும் பழைய ஆண்டையின் மொழியா?' என்னும் வினா எழுந்தது. அதற்கு விடை தேடப் புறப்பட்டவர் பேராசிரியர் அல்லர், பெருஞ்செல்வர் அல்லர். ஈவார் ஓசென் என்பார், 1813-இல் சிறு உழவர் குடியிற் பிறந்தவர். மூன்றாம் அகவையில் தாயையும் பதின்மூன்றாம் அகவையில் தந்தையையும் இழந்தவர். பல்கலைக்கழகப் படியை மாணவராய் மிதியாதவர். தாமே கற்று, சிற்றூர்ப் பள்ளியாசிரியராய் வாழ்க்கையைத் தொடங்கியவர். 1842 முதல் 1846 வரை ஊர் ஊராய், பள்ளத்தாக்குப் பள்ளத்தாக்காய்த் திரிந்து, உழவர் பேச்சிலிருந்து சொற்களைப் பொறுக்கி எழுதினார். இகழப்பட்ட அக்கொச்சைகள் எல்லாம் பழம் நார்வே மொழியின் நேர்வழிப் பிள்ளைகள் என்பதை நிறுவினார். 1848-இல் இலக்கணம் வெளிவந்தது. 1850-இல் அகரமுதலி வெளிவந்தது. தொகுத்ததோடு நில்லாது, அப்பேச்சுகளுக்கெல்லாம் பொதுவான ஓர் எழுத்துமொழியையும் வகுத்து, 'நாட்டுமொழி' எனப் பெயரிட்டார். 1885 மே 12-இல் நார்வேப் பேரவை அம்மொழியை அதுகாறும் ஆட்சியிலிருந்த மொழிக்கு நிகரானதாக ஏற்றது. ஆட்டு மந்தையின் பின்னே வழங்கிய மொழி, 37 ஆண்டுகளில் அரசுமொழியாயிற்று!

இன்னொருவரும் குறிக்கத்தக்கவர். குனூது குனூதுசன் என்னும் பள்ளியாசிரியர், தேனியத்தை ஒரே நாளில் துரத்துவதை விடுத்து, சிறிது சிறிதாக நார்வேயப்படுத்தலாம் என்று கருதியவர். அவர் 1881-இல் முடித்து வெளியிட்ட அகரமுதலி ஒன்று, நார்வேயம் அல்லாத அயற்சொற்களை வரிசைப்படுத்தி அவற்றுக்கு நேரான நார்வேயச் சொற்களைத் தருவது. மறைமலையடிகள் 1916-இல் தனித்தமிழ் உறுதி பூண்டதையும், அவர்தம் மகளார் நீலாம்பிகையம்மையார் வடசொற்றமிழ் அகரவரிசை தொகுத்ததையும் அறிந்தோர்க்கு, அப்பணி உலகில் வேறெங்கும் நடவாத வெறிச்செயலன்று என்பது இதனால் விளங்கும். 'தனித்தமிழாவது, நடக்கிற செயலா' என்று எள்ளி நகையாடுவோர் நார்வேயைப் பார்த்துவிட்டு வந்து நகட்டும்.

ஊர்ப்பெயரிலும் அவர்கள் விழிப்புடன் இருந்தனர். தலைநகரின் பழம்பெயர் ஒசுலோ. 1624-இல் ஊர் தீப்பற்றி அழிந்தபின் தென்மார்க்கு மன்னன் நான்காம் கிறித்தியன் அதனைத் திரும்பக் கட்டித் தன் பெயரையே சூட்டிக் 'கிறித்தியானியா' ஆக்கினான். முந்நூறு ஆண்டு கழிந்தும் அவர்கள் மறக்கவில்லை. 1925 சனவரி 1 முதல் மீண்டும் ஒசுலோ! தமிழகத்திற்குத் தமிழ்நாடு என்று பெயரிட 1969 வரையும், தலைநகரைச் சென்னை என்றே எல்லா மொழியிலும் எழுத 1996 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தமையை இதனோடு வைத்து எண்ணுக.

ஆனால், உள்ளதை உள்ளவாறு சொல்லுதல் வேண்டும். நார்வேயில் மொழிப்போர் முழுவெற்றியில் முடியவில்லை. ஓசென் வகுத்த மொழி இன்று 'புது நார்வேயம்' எனவும், தேனியத்தினின்று மெல்ல மாற்றப்பெற்றது 'நூன்மொழி' எனவும் வழங்குகின்றன. 1929 முதல் வழங்குபவை இப்பெயர்கள். எந்தப் பள்ளியில் எதனைப் பயிற்றுவது என்பதை அவ்வப்பகுதி மக்களே ஒப்போலையிட்டு முடிவு செய்வர். 1940-களின் நடுவில் மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் புது நார்வேயத்தில் பயின்றனர். இன்றோ அத்தொகை பத்தில் ஒரு பங்கிற்குச் சற்றே மேல். நகரமும் செய்தித்தாளும் வணிகமும் எந்த மொழியைக் கைக்கொள்கின்றனவோ அம்மொழி பக்கமே பெற்றோர் சாய்ந்தனர். இரண்டையும் ஒன்றாக்கிவிட அரசு எடுத்த முயற்சியும் மக்கள் எதிர்ப்பால் கைவிடப்பெற்றது. சட்டம் இருந்தும் வாழ்வில் இடம்பெறாத மொழி தேயும் என்பதற்குத் தமிழகத்து ஆங்கிலவழிப் பள்ளிகளே போதிய சான்று. நார்வே இரண்டாம் சான்று.

இன்னொரு கறையும் உண்டு. நார்வேயின் வடபகுதியில் 'சாமி' என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். (கடவுளைக் குறிக்கும் வழக்குச் சொல்லன்று, அவ்வினத்தின் பெயரே அது.) தேனியத்தின் கீழ் நசுங்கிய நார்வேயர், தாம் எழுந்து நின்றதும், தம்மினும் சிறிய அவ்வினத்தின் மொழியை நசுக்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து நூறாண்டுகளுக்கு மேலாகச் சாமிப் பிள்ளைகள் பள்ளியில் தாய்மொழி பேசாவண்ணம் தடுக்கப்பெற்றனர். 1979 முதல் 1981 வரை ஆல்தா ஆற்றணைக்கு எதிராக அவர்கள் நடத்திய போராட்டத்திற்குப் பின்னரே நிலைமை மாறியது. 1989-இல் சாமியர்க்கெனத் தனிப் பேரவை அமைந்தது. 2024 நவம்பரில் நார்வேப் பேரவை அம்மக்களிடம் வெளிப்படையாகப் பொறுத்தருள வேண்டிக்கொண்டது. ஒடுக்கப்பட்டவன் ஒடுக்குபவனாதல் எளிது. செய்த பிழையை எழுத்தில் ஒப்புக்கொள்ளும் அரசுகள் அரியன. கொழும்பிலிருந்து அத்தகைய தாள் ஒன்று இதுவரை வந்ததில்லை.

இனி 1905. நார்வேயர்க்குக் கப்பல் வணிகம் பெரிது. அயல்நாட்டுத் துறைமுகங்களில் தமக்கெனத் தனி வணிகத் தூதர் வேண்டும் என்று கேட்டனர். சுவீடன் மன்னன் ஆசுகர் மறுத்தான். சிறு செய்திதான், ஆயினும் தன்மதிப்பு அதிற் சிக்கிக்கொண்டது. சூன் 7-ஆம் நாள் நார்வேப் பேரவை, சுவீடனோடு இருந்த இணைப்பு அற்றது என்று அறிவித்தது. சுவீடன் சினந்தது. எல்லையில் இருபுறமும் படைகள் நின்றன. 'பேரவையிற் கூடிய சிலர் சொல்வதை மக்கள் கருத்தென எவ்வாறு கொள்வது?' என்று சுவீடன் வினவியது. ஆகத்து 13-இல் நார்வே தன் மக்களையே கேட்டது. பிரிவதற்கு இசைந்தோர் 3,68,208 பேர். இசையாதோர் 184 பேர். மும்முறை படித்தாலும் அவ்வெண் மாறாது: நூற்று எண்பத்து நால்வர்! பெண்களுக்கு அன்று ஒப்போலை உரிமை இல்லை. அவர்கள் தாமாகவே வீடுவீடாய்ச் சென்று இரண்டு இலக்கத்திற்கு மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டிப் பேரவையில் வைத்தனர். எட்டாண்டு கழித்து, 1913-இல் அவ்வுரிமையையும் பெற்றனர்.

அதன்பின் கார்ல்சுடாட்டு என்னும் ஊரில் இரு நாட்டாரும் அமர்ந்து பேசினர். எல்லைக்கோட்டைகளை இடிப்பது பற்றிப் பேசினர். வலசை போகும் கலைமான் மேய்ப்போரின் உரிமை பற்றிக்கூடப் பேசினர். அக்டோபர் 26-இல் ஆசுகர் மன்னன் நார்வே அரியணையைத் துறந்தான். அப்பிரிவின் பொருட்டுப் போர் எதுவும் நடக்கவில்லை. இன்று அவ்விரு நாடுகளின் எல்லையைக் கடந்து மக்கள் கடைக்குப் போய் வருகின்றனர். பிரிந்தால் நாடே அழியும், குருதியாறு ஓடும் என்று பூச்சாண்டி காட்டுவோர் இந்நிகழ்ச்சியைப் பற்றி வாய் திறப்பதில்லை.

அடுத்தது 1940. ஏப்பிரல் 9-ஆம் நாள் விடியலில் இட்லரின் படை நார்வேயில் இறங்கியது. மன்னரும் அமைச்சரவையும் இரண்டு திங்கள் நின்று போராடி, பின் இங்கிலாந்து சென்று அங்கிருந்து அரசை நடத்தினர். உள்நாட்டிலே குவிசிலிங்கு என்பவன் பகைவனுக்கு ஏவலனாய் ஆட்சிக் கட்டிலில் ஏறினான். அவன் பெயரே ஐரோப்பிய மொழிகளில் 'நாட்டைக் காட்டிக்கொடுப்பவன்' என்னும் பொதுச்சொல்லாகிவிட்டது. (எட்டப்பன் என்னும் பெயர் தமிழில் பெற்ற பேறு அதுவே.) 1942 பிப்பிரவரியில் அவன், ஆசிரியர் அனைவரும் தன் கட்சி வழிநடக்கும் அமைப்பிற் சேர்ந்தே தீரவேண்டும், பிள்ளைகளுக்கு அக்கட்சிக் கொள்கையைப் பயிற்ற வேண்டும் என்று ஆணையிட்டான். ஏறத்தாழ 14,000 ஆசிரியருள் 12,000 பேர், ஒரே வாசகத்தைத் தனித்தனியே தம் கைப்பட எழுதி மறுத்துவிட்டனர். பெற்றோரும் இலக்கக் கணக்கில் எதிர்ப்பு மடல் எழுதினர். மார்ச்சில் 1,100 ஆசிரியர் வரை சிறைப்பட்டனர். அவருட் பல நூற்றுவர் கப்பலில் அடைக்கப்பெற்று, வடமுனை வட்டத்துக்கு அப்பாலுள்ள கிர்க்கனேசுக்குக் கொண்டுபோகப்பட்டுப் பனியிலும் சேற்றிலும் சுமை தூக்கினர். எவரும் துமுக்கி ஏந்தவில்லை. சுண்ணக்கட்டி பிடிக்கும் கைகளே அவை. அவ்வாண்டு நவம்பருக்குள் எஞ்சியோரை வீட்டிற்கு அனுப்ப வேண்டிய நிலை குவிசிலிங்குக்கு நேர்ந்தது. அவன் கனவுகண்ட ஆசிரியர் அமைப்பும் உருப்பெறவில்லை.

பிற்காலச் செய்திகள் சுருக்கமானவை. 1969-இல் வடகடலடியில் பெரும் எண்ணெய் வளம் கண்டனர். அதில் வந்த செல்வத்தைக் கண்டவாறு செலவிடாமல், பிற்காலத் தலைமுறைக்கெனப் பொதுவைப்பில் இட்டனர். ஐரோப்பியக் கூட்டில் சேர்வதா என்று 1972-இலும் 1994-இலும் மக்களைக் கேட்டபோது இருமுறையும் வேண்டாமென்றே கூறினர். குடியேற்ற நாடுகளை அடிமை கொண்ட பழியும் அவர்க்கு இல்லை. பெருவல்லரசும் அன்று, பெருங்கூட்டின் உறுப்பும் அன்று. கையிலோ பொருள் உண்டு. எனவே, பகைத்தோரிடையே பேச்சு நடத்தும் பணியை அது மேற்கொண்டது. 1993-இல் பாலத்தீனர்க்கும் இசுரேலியர்க்கும் இடையே கமுக்கமாய்ப் பேச்சு நடத்தி உலகப் புகழ் பெற்றது.

தமிழரோடு அதற்குள்ள உறவு அதனினும் பழையது. 1956-இல் அந்தோணி இராசேந்திரம் என்னும் யாழ்ப்பாணத்து இளைஞர் நார்வே சென்றார். அந்நாட்டில் முதலிற் குடியேறிய தமிழர் என அவரையே குறிப்பர். மீன்பிடித் தொழிலைக் கற்று, அங்குள்ளோர் உதவியோடு ஈழத்தில் 'சீநோர்' என்னும் நிறுவனத்தை உருவாக்கினார். காரைநகரிற் படகு கட்டும் தொழிலகம் எழுந்தது. அவ்வழியே இளைஞர் சிலர் நார்வேயின் நாட்டுப்புறக் கல்லூரிகளுக்குப் பயிலச் சென்றனர். 1983 ஆடிக் கொடுமைக்குப் பின் ஏதிலியராய்ச் சென்றோர் தொகை பெருகியது. வடகோடிப் பின்மார்க்கு மாவட்டத்தில், வெள்ளையர் விரும்பாத குளிரில், மீன் பதப்படுத்தும் தொழிலகங்களில் நின்று பிழைத்தோர் அவர்கள். இன்று பதினாயிரத்திற்கு மேற்பட்ட தமிழர் அந்நாட்டில் வாழ்கின்றனர்.

இந்த உறவும் அந்த நடுநிலைப் புகழும் சேர்ந்தே 2000-இல் நார்வேயை ஈழச் சிக்கலுக்குள் கொண்டுவந்தன. எரிக்கு சொல்கெய்ம் அந்நாட்டின் சிறப்புத் தூதரானார். அவ்வாண்டு நவம்பரில் வன்னிக்குச் சென்று பிரபாகரனைக் கண்டார். 2001 திசம்பரில் இலங்கையில் ஆட்சி மாறி இரணில் விக்கிரமசிங்க தலைமையமைச்சரானார். 2002 பிப்பிரவரி 22-இல் போர்நிறுத்த உடன்பாடு கையெழுத்தாகியது. தாளைக் கொண்டு சென்றதும், இருபுறமும் கையொப்பம் வாங்கியதும் நார்வேயரே. ஒப்பமிட்ட இருவரும் ஒருவரையொருவர் நேரிற் கண்டாரல்லர். கண்காணிப்புக்கு நார்வே, சுவீடன், தென்மார்க்கு, பின்லாந்து, ஐசுலாந்து என்னும் ஐந்து வடபுல நாட்டாரும் வந்தனர்.

அதனால் விளைந்த நன்மையை மறைத்தல் அறமன்று. கண்டி–யாழ்ப்பாண நெடுஞ்சாலை திறந்தது. பத்தாண்டுக்கு மேலாகப் பார்த்திராத உற்றார் உறவினர் ஒருவரையொருவர் கட்டித் தழுவி அழுதனர். மருந்தும் எரிநெய்யும் வன்னிக்குட் சென்றன. பிள்ளைகள் குண்டுவீச்சு ஓசையின்றி உறங்கினர். அந்த உறக்கத்தின் அருமை உறங்கியோர்க்கே தெரியும்.

2002 செப்டம்பரில் தாய்லாந்தின் சத்தகீப்பில் முதற்சுற்றுப் பேச்சு தொடங்கி, 2003 மார்ச்சில் சப்பானின் அக்கோனே வரை ஆறு சுற்றுகள் நடந்தன. தமிழர் தரப்பில் அன்டன் பாலசிங்கம். அரசுத் தரப்பில் பேராசிரியர் பீரிசு. அவற்றுள் மூன்றாவது சுற்று, திசம்பர்த் திங்களில் ஒசுலோவிலேயே நடந்தது. தமிழ் பேசும் மக்களின் வரலாற்று வாழிடங்களில் உள்ளகத் தன்னுரிமை, ஒன்றுபட்ட இலங்கைக்குட்பட்ட கூட்டாட்சி என்னும் அடிப்படையில் தீர்வொன்றை ஆராய்வதென இருதரப்பும் இசைந்தன. ஐம்பதாண்டுச் சிக்கலில் அந்த இடம்வரை எந்தப் பேச்சும் வந்ததில்லை.

வந்தது, ஆனால் நிலைக்கவில்லை. 2003 ஏப்பிரலில் வாசிங்டனில் நடந்த உதவி நாடுகளின் கூட்டத்தில் புலிகளுக்கு இடமில்லை. ஏனெனில் அமெரிக்கா அவர்களைத் தடைசெய்திருந்தது. அத்திங்கள் 21-இல் புலிகள் பேச்சை நிறுத்திவைத்தனர். அக்டோபர் இறுதியில் இடைக்காலத் தன்னாட்சிக்கான வரைவைக் கொடுத்தனர். நான்கே நாளில் குடியரசுத் தலைவர் சந்திரிகா மூன்று அமைச்சுகளைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். 'யாரோடு பேசுவது?' என்று நார்வே தூதர்கள் வீடு திரும்பினர். கொழும்பில் இரு தலை. ஒரு தலை இசைந்ததை மறு தலை மறுக்கும். 1957-இன் பண்டாரநாயகா – செல்வநாயகம் உடன்பாடு பின்னர்க் கிழிக்கப்பட்டதும், 1965-இன் தட்லி – செல்வநாயகம் உடன்பாடு பின்னர்க் கைகழுவப்பட்டதும் இம்முறையிலேயே.

2004 திசம்பர் 26-இன் ஆழிப்பேரலை, பகை மறந்து ஒன்றுகூட இயற்கையே கொடுத்த கொடிய வாய்ப்பு. உதவிப் பொருளைப் பகிர்ந்தளிக்கும் பொது அமைப்புக்கு 2005 சூனில் இருதரப்பும் உடன்பட்டன. மூன்று கிழமைக்குள் கொழும்புத் தலைமை முறைமன்றம் அதன் முகன்மைப் பகுதிகளுக்குத் தடை விதித்தது. செத்தவர்க்குச் சோறு பகிர்வதற்கே உடன்படாத அரசமைப்பு, வாழ்பவர்க்கு ஆட்சியைப் பகிர்ந்து கொடுத்துவிடுமா?

தமிழர் தரப்பின் பிழைகளையும் பேசாதுவிடின் இப்பொழிவு அரைகுறையாகும். கண்காணிப்புக் குழுவின் கணக்கில் புலிகள் தரப்பு மீறல்களே பன்மடங்கு பதிந்தன. சிறாரைப் படையிற் சேர்த்தமை, மாற்றுக் கருத்தினர் கொலையுண்டமை ஆகியவை உலக அரங்கில் தமிழர் வழக்கை மெலியச் செய்தன. 2005 ஆகத்தில் அயலுறவு அமைச்சர் கதிர்காமர் கொல்லப்பட்டார். அவ்வாண்டு நவம்பர்த் தேர்தலில் தமிழர் ஒப்போலை இடாது ஒதுக்கப்பெற்றமையால், மகிந்த இராசபக்ச மிகச் சிறு வேறுபாட்டில் வென்றார். பகைவனின் வெற்றிக்கு வழிவிட்ட அம்முடிவின் விலையை அம்மக்களே கொடுத்தனர். 2006 மேயில் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்தது. அதன் உறுப்பு நாடுகளான சுவீடன், தென்மார்க்கு, பின்லாந்து கண்காணிப்பினின்று விலக நேர்ந்தது. எஞ்சியோர் நார்வேயரும் ஐசுலாந்தாருமே. சூலையில் மாவிலாற்று மடையை முன்வைத்துப் போர் மூண்டது. 2008 சனவரி 16-இல் போர்நிறுத்த உடன்பாடு முறைப்படி செத்தது. மெய்யாகவே அது செத்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது.

2009 மேயில் முள்ளிவாய்க்காலில் நிகழ்ந்ததை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இறுதிக் கட்டத்தில் இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்பதை மறுக்கவியலாது என்று ஒன்றிய நாடுகளவையின் வல்லுநர் குழு 2011-இல் கூறியது. அவ்வாண்டு நவம்பரில் நார்வே அரசு, தன் முயற்சி ஏன் தோற்றது என்று வெளியார் ஆய்வாளரைக் கொண்டு ஆராய்ந்து, அவ்வறிக்கையை மறைக்காது வெளியிட்டது. 'அமைதியின் பகடைக்காய்கள்' என்பது அதன் பெயரின் பொருள். நடுவராக வந்தவர் கையிற் கோலுமில்லை, கயிறுமில்லை. வலியார் விருப்பத்திற்கேற்ப நகர்த்தப்பெற்ற காயாக நார்வேயும் ஆனது என்பதே அதனாற் பெறப்படும் உண்மை. உடன்பாடு வெறுந்தாளான பின்னரும், 2006-இலேயே 'முடியாது' என்று உலகறியச் சொல்லிவிட்டு வெளியேறாமல், கொழும்பின் போர் முனைப்புக்கு அமைதிப் போர்வையாய்க் கிடந்தமை நார்வேயின் பெரும்பிழை.

அதனினும் ஆழமான குறை ஒன்றுண்டு. 1905-இல் தன் மக்களை ஒப்போலை கேட்டுத் தன் வழியைத் தேர்ந்துகொண்ட நாடு, ஆறு சுற்றுப் பேச்சில் ஒரு சுற்றிலேனும், 'இத்தமிழ் மக்களையே கேட்போமே' என்று சொல்லவில்லை. 1976 வட்டுக்கோட்டைத் தீர்வுரைக்கு 1977 தேர்தலில் வடகிழக்குத் தமிழர் தந்த ஒப்புதலை எவரும் மேசைமேல் எடுத்துவைக்கவில்லை. நார்வேயில் வாழ் தமிழர்தாம் அதனைச் செய்தனர். 2009 மே 10-ஆம் நாள், ஈழத்தில் போர் முடிய ஒரு கிழமையே இருந்தபோது, அந்நாட்டு நகரங்களில் வட்டுக்கோட்டைத் தீர்வுரை மீது ஒப்போலை நடத்தினர். ஐயாயிரத்திற்கு மேற்பட்டோர் பங்கேற்றனர். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேல் இசைவு. 1905-ஐக் கற்றுக்கொடுத்த நாட்டில், தமிழர் அப்பாடத்தை ஒப்பித்துக் காட்டினர்.

கம்சாயினி குணரத்தினம் என்னும் பெண் 1988-இல் யாழ்ப்பாணத்திற் பிறந்தவர். மூன்றாம் அகவையில் பெற்றோரோடு நார்வே சென்றார். 2011 சூலை 22-இல் ஊத்தோயாத் தீவில் இனவெறியன் ஒருவன் இளைஞர் பாசறையிற் புகுந்து 69 பேரைச் சுட்டுக் கொன்றபோது, ஏரியில் நீந்தித் தப்பியோருள் அவரும் ஒருவர். 2015-இல் ஒசுலோ நகரின் துணைத் தலைவரானார். 2021-இல், ஐட்சுவோல் சட்டத்தின் வழிவந்த அந்தப் பேரவைக்கே தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

அவர் அங்குச் சென்ற அதே காலத்தில் படகேறித் தமிழகம் வந்தோரும் உளர். அவர்தம் குடியிருப்புகள் தமிழகத்தில் நூற்றுக்கு மேல். அவற்றின் பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' எனத் தமிழக அரசு 2021-இல் மாற்றியது; புதுவீடுகள் கட்டித் தரவும் முற்பட்டது; அவை பாராட்டுக்குரியன. ஆயினும், 1987 சூலை 1-க்குப் பின் இந்நாட்டிற் பிறந்த பிள்ளை, பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடிமகராய் இல்லாவிடின், பிறப்பால் இந்நாட்டுக் குடியன்று. 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளின் பெயரைச் சொன்னது; இலங்கையின் பெயரைச் சொல்லவில்லை. நார்வேயிலோ, குடியுரிமை பெறாத அயலவரும் மூன்றாண்டு முறையாக வாழ்ந்தால் உள்ளாட்சித் தேர்தலில் ஒப்போலை இடலாம். அவ்வுரிமை வழங்கப்பெற்ற ஆண்டு 1983. யாழ்ப்பாணத்தாரும் மட்டக்களப்பாரும் மூட்டை முடிச்சோடு வீட்டைவிட்டு வெளியேறத் தொடங்கிய ஆண்டும் அதுவே.